மறுபடி குளிர்ந்த மருந்து

ஷூ கம்பெனியின் பிள்ளைகள் காப்பகத்தில் இருந்த ஃப்ரிட்ஜ் ஆயா சவுரியம்மாளின் தோள் உயரம்தான் இருக்கும். கதவின் ஓரமெல்லாம் துரு. இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் ஒழுங்காக மூடும். ஆனாலும் ஆம்பூர் வட்டாரத்திலேயே அதற்கு ஈடான ஃப்ரிட்ஜ் கிடையாது என்று அவள் அடித்துச் சொல்வாள். ஊரில் கரண்ட் போனாலும் கம்பெனியில் போகாது. மெயின் லைன் அணைந்த மறு நிமிஷம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். ஷூ தைக்கிற மெஷின் நின்றால் முதலாளிக்கு மூச்சு நின்றுவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தப் புண்ணியத்தில் காப்பகத்துப் பிள்ளைகளின் பாலும் கெடாமல் இருந்தது.

அம்பரீனுக்கும் அது தெரியும். அதனால்தான் மருந்து பாட்டிலை அங்கே கொண்டுவந்தாள்.

அம்பரீனுக்கு ஷூவின் மேல்தோலைத் தைக்கிற லைனில் வேலை. அவள் வீட்டுக்காரன் ஷோயப் சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் இருக்கிறான். மாதத்துக்கு இரண்டு முறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவான். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் அவளும் பிள்ளை தானிஷும்தான். தானிஷுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. 'மா', 'பூ', 'தா' என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இரண்டு காதிலும் சீழ் வைத்துவிட்டது. தெருமுனை டாக்டர் கொடுத்த சொட்டு மருந்துக்கு அது அசையவில்லை. அம்பரீன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே எழுதிக் கொடுத்ததுதான் அந்தப் பாட்டில். உள்ளே பொடியாக இருக்கும். மருந்துக் கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் மோர் மாதிரி வெள்ளையாகிவிடும்.

ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி ஃப்ளாஸ்க்கில் போட்டு, அதற்குள் பாட்டிலை நிறுத்தி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, இத நீங்கதான் பாத்துக்கணும். தண்ணி கலந்ததுக்கு அப்புறம் ஃப்ரிட்ஜ்லயேதான் இருக்கணுமாம். ஐஸ் பொட்டியில வெக்கக் கூடாதாம், கதவுலயும் கூடாதாம். வெளிய இருந்தா மருந்து செத்துடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"பக்கத்து வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குன்னியே?"

"இருக்கு. ஆனா இந்த மே மாசத்துல கரண்ட் எங்கக்கா நிக்குது? அந்த வீட்டுப் பசங்க ஐஸ் தண்ணிக்குத் தெறந்து தெறந்து மூடுதுங்க. இங்கதான்க்கா நம்பிக்கை. காலைல வந்ததும் ஒரு டோஸ், சாயங்காலம் போறப்ப ஒரு டோஸ். நீங்களே குடுத்துடுங்க. லைன விட்டு என்ன வுட மாட்டாங்க."

சவுரியம்மாளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. நடுத்தட்டில், பால் பாட்டில்களுக்குப் பின்னால், அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினாள். காலையும் மாலையும் நன்றாகக் குலுக்கி, கூடவே கொடுத்த சிறு மூடியில் அளந்து, தானிஷின் மூக்கைப் பிடிக்காமலே உள்ளே இறக்கிவிடுவாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் பிள்ளை தயிர்சாதம் கேட்டுத் தட்டைத் தட்டினான். இனிப் பயமில்லை என்று இருந்தபோதுதான் ஆடிட் வந்தது.

ஆடிட் என்றால் கம்பெனிக்குப் பெண் பார்க்க வருகிற மாதிரி. வெளிநாட்டில் நம் ஷூவை வாங்குகிறவன் ஆள் அனுப்பி, தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்வான். அதற்கு முந்தின இரண்டு நாளும் கம்பெனியில் நடக்கிற கூத்தைக் காணக் கண் கோடி வேண்டும். கக்கூஸில் சோப்பு முளைக்கும். சுவரில் மாட்டிய முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் டிங்க்சரும் குடியேறும். தைக்கிறவர்களுக்கு விரல் உறை வரும். ஓவர்டைம் உண்டா என்று கேட்டால் இன்ன பதில் சொல்ல வேண்டும் என்று பெரியவர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துவார்கள். காப்பகத்தில் பீரோ மேல் பிளாஸ்டிக் உறையோடு தூங்குகிற பொம்மைகள் கீழே இறங்கும். ஆடிட் முடிந்த மறுநாள் எல்லாம் மேலே ஏறிவிடும். அன்றைக்குப் பிள்ளைகள் அழுகிற அழுகையைச் சமாளிப்பது சவுரியம்மாளின் தலையெழுத்து.

முந்தின நாள் மாலை, தானிஷுக்கு மருந்து கொடுத்து முடித்த கையோடு, தொழிலாளர் விவகாரம் பார்க்கிற எச்.ஆர். ஜான்சன் வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. முப்பது வயசுக்காரன், மேலே இருக்கிறவர்களுக்கும் கீழே இருக்கிறவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவன். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தான்.

"சவுரிம்மா, இது இன்னா பாட்டில்?"

"அம்பரீன் புள்ளைக்கு, சார். காதுக்கு."

"காலி பண்ணிடுங்க. ஃப்ரிட்ஜ்ல பால் தவிர ஒண்ணும் இருக்கக் கூடாது. காப்பகத்துல மருந்து இருந்துச்சுன்னு வேற ஒரு கம்பெனிக்கு மைனஸ் பாயின்ட் போட்டுட்டாங்க. மருந்துன்னா நர்ஸ் கையிலதான் இருக்கணுமாம்."

"நமக்குத்தான் நர்ஸே இல்லையே சார்."

"நாளைக்கு ஒருத்தர் வருவாங்க."

சவுரியம்மாள் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சார், இது ஃப்ரிட்ஜ்லயே இருக்கணும் சார். வெளிய வெச்சா வீணாய்டும். டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காங்களாம்."

"வெளிய யார் வெக்கப்போறாங்க? என் ரூம்ல ஏசி இருக்கு. அங்க வெச்சிக்கறேன். ஒரு நாள் விஷயம்மா. பேஜார் பண்ணாதீங்க."

"காலைல டோஸ் குடுக்கணுமே?"

"அனுப்பறேன்."

லோடு தூக்குகிற வேலுவிடம் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. பழைய படுக்கை விரிப்புகள், பினாயில் டின், உடைந்த டப்பாக்கள் என்று காப்பகத்தின் உண்மை முகமெல்லாம் அதற்குள் போயிருந்தது. பாட்டிலும் போயிற்று. ஏசி ரூம்தானே, ஃப்ரிட்ஜ் மாதிரி இல்லாவிட்டாலும் சில்லென்றுதானே இருக்கும் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடவா முடியும்?

மறுநாள் காலை டோஸ் வரவில்லை. அம்பரீன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, "மருந்து குடுத்துடுங்கக்கா" என்று லைனுக்கு ஓடிவிட்டாள். சவுரியம்மாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். ஆபீஸ் பக்கம் இரண்டு எட்டு வைத்தபோது செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தினான். "இன்னா சவுரிம்மா, இன்னிக்குப் போய் வெளிய தலகாட்டுறீங்க? உள்ள போங்க, வந்துட்டாங்க."

வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் காப்பகத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தக் கட்டடத்தில் பாத்ரூம் எங்கே என்றுகூடத் தெரியவில்லை; சவுரியம்மாளிடம்தான் கேட்டுக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்கு மேல் ஆடிட்டர் அம்மா வந்தாள். டில்லிக்காரி. சிரித்த முகம். பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டினாள், பொம்மைகளைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பால் பாட்டில்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. அவளுக்கு ஒரே திருப்தி. இங்கே பிள்ளையை விடுகிற தாய் ஒருத்தியிடம் பேச வேண்டும் என்றாள். ஜான்சன் அதையும் முன்கூட்டி யோசித்து வைத்திருந்தான். அம்பரீனுக்கு உருது பேச வரும். நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். பேச்சும் நன்றாக இருக்கும். லைனிலிருந்து அவளைக் கூட்டிவந்தார்கள்.

ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்த சவுரியம்மாளுக்கு உருது பேச வராதே தவிர, யார் பேசினாலும் புரியும். அம்பரீன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் இல்லை அது. என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை மேடம், வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, இந்த அக்காதான் மருந்தை இங்கே குளிரில் வைத்து நேரம் தவறாமல் கொடுக்கிறார்கள், இது இல்லாவிட்டால் என் பாடு என்ன ஆகியிருக்கும் என்று அவள் கண் கலங்கச் சொன்னாள்.

ஆடிட்டர் திரும்பி ஜான்சனைப் பார்த்தாள். மருந்து எங்கே என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. ஜான்சன் இங்கிலீஷில் மளமளவென்று ஏதோ சொன்னான். 'நர்ஸ்' என்ற சொல் மட்டும் சவுரியம்மாளின் காதில் விழுந்தது. வெள்ளை உடுப்புக்காரி எழுந்து நின்று தலையாட்டினாள். ஆடிட்டர் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கையிலிருந்த பெரிய போன் மாதிரிப் பலகையில் விரலால் எதையோ தட்டிக்கொண்டு, சவுரியம்மாளைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

அந்த ஒரு கணத்தைச் சவுரியம்மாள் இப்போதும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். வாயைத் திறந்திருக்கலாம். அரைகுறை உருதுவில் 'மருந்து இல்லை' என்று இரண்டு சொல் சொல்ல அவளால் முடியாமலா போயிருக்கும்? ஆனால் ஜான்சன் நின்றான், அவனுக்குப் பின்னால் மேனேஜர் நின்றார், இத்தனை வருஷத்துச் சோறு நின்றது. அவள் தலை தானாக ஆடியது.

ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் வேலு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சவுரியம்மாள் விரிப்புகளை வாரிப் போட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்தாள். கை சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கி இன்னும் ஆறாத பால் சொம்பைத் தொட்ட மாதிரி இருந்தது.

"வேலு, இத எங்கருந்து எடுத்துட்டு வர்ற?"

"ஜெனரேட்டர் ஷெட்லருந்துதான்க்கா."

"ஷெட்லயா? சார் ரூம்ல இல்ல?"

"சார் ரூமையும் செக் பண்ணுவாங்கன்னு நேத்து சாய்ந்தரமே அங்க போடச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு வேற பகல் முச்சூடும் கரண்ட் இல்லையா, ஜெனரேட்டர் ஓடிட்டேதான் இருந்துச்சு. உள்ள கால வெக்க முடியல, அப்படி ஒரு அனல்."

தகரக் கூரை, மே மாத வெயில், பக்கத்திலேயே ஓடுகிற ஜெனரேட்டர். பிள்ளைகளின் பாலைக் காப்பாற்றுகிற அதே ஜெனரேட்டர். சவுரியம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்த மருந்து வெளுத்த மஞ்சளாக மாறியிருந்தது.

பாட்டிலோடு ஆபீஸுக்குப் போனாள். ஆடிட் நன்றாகப் போன சந்தோஷத்தில் ஜான்சன் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். போனைக் கையால் மூடிக்கொண்டு, என்ன என்று கேட்டான்.

"சார், நிறமே மாறிப்போச்சு சார். வேற பாட்டில் வாங்கித் தாங்க."

"அதுக்கெல்லாம் டாக்டர் சீட்டு வேணும்மா. ஒரே நாள்ல இன்னா ஆய்டப்போவுது? ஃப்ரிட்ஜ்ல வெய்ங்க, மறுபடி சில்லுனு ஆய்டும்." அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துக் குரலை இறக்கினான். "அம்பரீன்கிட்ட இதப் போய்ச் சொல்லிட்டிருக்காதீங்க. ரிசல்ட் இன்னும் வர்ல. பேச்சு வெளிய போச்சுன்னா எனக்கும் வேலை இருக்காது, உங்களுக்கும் இருக்காது."

காப்பகத்துக்குத் திரும்பி, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாட்டிலின் மூடியைத் திறந்தாள். கொட்டிவிட்டு, கை தவறி உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அம்பரீன் மறுபடி லீவு போட வேண்டும், மறுபடி வேலூருக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அதுவாவது பரவாயில்லை. ஆனால் ஒருவேளை மருந்து நன்றாகவே இருந்தால்? நிறம் மாறியது தன் கண்ணின் கோளாறாக இருந்தால்? படித்தவன் ஒன்றும் ஆகாது என்கிறானே. மூடியைப் போட்டு மறுபடி நடுத்தட்டில் வைத்தாள். கதவை இடுப்பால் இடித்து மூடினாள்.

வேலை விட்டு அம்பரீன் ஓடிவந்தபோது அவள் முகம் பெருநாள் முகமாக இருந்தது. "அந்தம்மா நான் சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டாங்கக்கா! உங்களப் பத்திதான் ஜாஸ்தி சொன்னேன். மருந்து குடுத்துட்டீங்களா?"

"இதோ" என்றாள் சவுரியம்மாள்.

பாட்டிலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. எப்போதும் இருக்கிற மாதிரியே இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. குளிர்ந்த பாட்டில் பொய் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? மூடியில் அளந்து பிள்ளையின் வாயில் ஊற்றினாள். தானிஷ் முகத்தைச் சுளித்துவிட்டு விழுங்கினான். காலையில் விட்டுப்போன டோஸைப் பற்றியும் அவள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. தான் பயந்ததெல்லாம் வீண் என்று சவுரியம்மாள் மாதாவுக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டாள். அப்புறம் காய்ச்சல் வந்தது. பிள்ளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சிணுங்கினான். அவள் விடாமல் அந்த மருந்தைத்தான் கொடுத்தாள். கொடுப்பதற்கு வேறு என்ன இருந்தது அவளிடம்? சனிக்கிழமை அவனைக் குளிப்பாட்டும்போது இடது காதின் பின்னால் சிவந்து புடைத்திருப்பதைப் பார்த்தாள். காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. லைனுக்கு ஆள் அனுப்பி அம்பரீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று மாலையே அம்பரீன் பிள்ளையோடு வேலூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை கம்பெனி ஆடிட்டில் பாஸ் என்று செய்தி வந்தது. ஆளுக்கு ஒரு லட்டு. காப்பகத்துப் பங்கை ஜான்சனே எடுத்துக்கொண்டு வந்தான். அவன் டப்பாவைத் திறக்கவும் சவுரியம்மாளின் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"அக்கா, அட்மிட் பண்ணிட்டாங்கக்கா. காதுக்குப் பின்னாடி எலும்புல சீழ் பூந்துடுச்சாம். நாளைக்கு ஆபரேஷன்." அம்பரீன் வேலூரிலிருந்து பேசினாள். "மருந்து ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சான்னு டாக்டரம்மா திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க. நான் சத்தியம் பண்ணிட்டேன். நீங்களே சொல்லிடுங்கக்கா, இதோ குடுக்குறேன்."

டாக்டரின் குரல் சின்ன வயசுக்காரியுடையதாக இருந்தது. "அம்மா, மருந்த நீங்கதான் வெச்சிருந்தீங்களா? வெளிய எப்பவாவது இருந்துச்சா? டோஸ் ஏதாவது விட்டுப்போச்சா? பயப்படாம சொல்லுங்க."

ஜான்சன் மிரட்டவில்லை. விரலைக்கூட ஆட்டவில்லை. லட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே நின்றான். அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

"ஃப்ரிட்ஜ்லதாம்மா இருந்துச்சு" என்றாள் சவுரியம்மாள்.

"சரிம்மா. அப்ப கிருமிக்கு அந்த மருந்து கேக்கலன்னு அர்த்தம். இதவிடப் பெரிய மருந்தா போட வேண்டியிருக்கும்."

போன் நின்றது. ஜான்சன் இரண்டு லட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். பிள்ளைகள் லட்டுக்குச் சண்டை போட ஆரம்பித்தன. தன் நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. லீவும் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் வேலூர் போய் இறங்கி, ஆட்டோக்காரனிடம் பெரிய ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னாள். வழி நெடுக என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் கூட்டிக் கூட்டி வைத்தாள். வார்டில் தானிஷைப் பார்த்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. அப்போதுதான் ஆபரேஷன் முடித்துக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கையில் ஊசிக் குழாய். இத்தனை சின்னக் கையில் ஊசி குத்த எங்கே இடம் கிடைத்ததோ.

டாக்டர் அம்மாவும் அம்பரீனும் கட்டில் பக்கத்திலேயே இருந்தார்கள். சவுரியம்மாள் இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள். பெட்டி, ஷெட், ஜெனரேட்டர், மஞ்சளாகிப்போன மருந்து, விட்டுப்போன டோஸ், நேற்றுச் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நேத்துக் கேட்டேனேம்மா" என்றாள் டாக்டர். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பயப்படாம சொல்லுங்கன்னுகூடச் சொன்னேன்."

"சொல்லியிருந்தா ஆபரேஷன் வேணாமாம்மா?"

"வேணும். சீழ எடுத்துத்தான் ஆகணும். அதுக்கு முந்தியே, மருந்து சூடான அன்னிக்கே சொல்லியிருந்தா…" டாக்டர் ஊசிக் குழாயைச் சரிசெய்தாள். சீழைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அம்பரீன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் வந்திருந்தாள் சவுரியம்மாள். அடி விழவில்லை. அம்பரீன் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நாந்தானேக்கா அந்தம்மாகிட்ட சொன்னேன். ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு. கண்ணால ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல? நாலடி தூரத்துலதானே இருந்துச்சு. தெறந்து பாக்கல நான்."

"நீ இன்னாடி பண்ணுவ? நான்ல மறைச்சேன்…"

"நாந்தான் சொன்னேன்" என்றாள் அம்பரீன் மறுபடி. சவுரியம்மாள் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

ஷோயப் சென்னையிலிருந்து வந்து, கம்பெனி கேட்டில் நின்று கத்தினான். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. மேனேஜர் ஆள் அனுப்பி, என்ன ஆதாரம் இருக்கிறது, ஆடிட்டில் உங்கள் வீட்டம்மாவே ஃப்ரிட்ஜில் இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறாரே என்று கேட்கச் சொன்னார். சவுரியம்மாள் சாட்சி சொல்கிறேன் என்றாள். வேலு, தனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்றான். அவனுக்கும் மூன்று பிள்ளைகள். புகார் கொடுத்தால் அம்பரீனின் வேலை போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டுமென்றால் வேலை வேண்டும். ஷோயப் இரண்டு நாள் சுற்றிவிட்டுப் பெரியமேட்டுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

சவுரியம்மாளை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. திட்டக்கூட இல்லை. ஜான்சன் காப்பகம் இருக்கிற பக்கமே வருவதை விட்டுவிட்டான். அவள் பாட்டுக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், தூங்க வைத்தாள், பாலைச் சூடு பண்ணிக் கொடுத்தாள். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் நடுத்தட்டைப் பார்க்காமல் கையை மட்டும் உள்ளே விட்டுப் பால் பாட்டிலை எடுப்பாள்.

தானிஷை வீட்டுக்கு அனுப்பிச் சில நாள் கழித்து, ஒரு காலையில் அம்பரீன் காப்பகத்து வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. இளைத்துப்போயிருந்தான், கட்டுப் பிரித்த இடத்தில் முடி இல்லாமல் தையல் தெரிந்தது. அவள் தோளில் அதே ஃப்ளாஸ்க்.

அம்பரீன்தான் முதலில் பேசினாள்.

"டெஸ்ட் வந்துடுச்சுக்கா. சாதாரணக் கிருமிதானாம். அந்த மருந்து ஒழுங்கா இருந்திருந்தா அதுக்கே போயிருக்குமாம்."

சவுரியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல கோவம் இருக்குக்கா. நெறைய இருக்கு. உங்களப் பாத்தாலே எரியுது." அவள் ஃப்ளாஸ்க்கைத் திறந்து, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் புதுப் பாட்டிலை எடுத்தாள். அதே மருந்து. மோர் மாதிரி வெள்ளை. "ஆனா இத நான் வேற எங்க வெப்பேன்? நீங்களே சொல்லுங்க. எங்க தெருவுல நேத்துப் பூரா கரண்ட் இல்ல."

சவுரியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். வாங்காதே, இந்தக் கையை நம்பாதே என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் கத்தியது. நம்பித்தான் அவள் கொடுக்கிறாளா என்ன? வேறு கை இல்லாததால் கொடுக்கிறாள்.

"காது?" என்று கேட்டாள்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதாம். புண் ஆறட்டும், அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம்னாங்க." அம்பரீன் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். தானிஷ் தள்ளாடி நடந்து, ஜன்னல் ஓரம் கிடந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்துக்கொண்டு, இவர்களுக்கு இடது பக்கம் காட்டி உட்கார்ந்தான்.

"தானிஷ்" என்று சவுரியம்மாள் கூப்பிட்டாள்.

அவன் மூடியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"தானிஷ் கண்ணு, இங்க பாரு. டேய் தானிஷ்!"

அவன் திரும்பவில்லை.

அம்பரீன் சட்டென்று துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு லைனுக்குக் கிளம்பினாள். "அவனுக்குக் கேட்டிருக்காதுக்கா" என்றாள் அவசரமாக. "இந்த மெஷின் சத்தத்துல எப்படிக் கேக்கும்?"

காலை பெல் இன்னும் அடிக்கவில்லை. கம்பெனியில் ஒரு மெஷினும் ஓடவில்லை.